நடை தளரும்போது வீட்டார் செய்யும் தவறுகள்

வயதானால் நடை தளரத்தான் செய்யும் என்று சொல்லி விட்டுவிடுவதே நம் குடும்பங்களில் நடக்கும் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

வயது நடையை மாற்றுவது உண்மைதான். கணுக்கால் தரையை உந்தும் விசை குறைகிறது. அந்த வேலையில் ஒரு பங்கை இடுப்பு ஏற்கிறது. இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை எட்டு (காலடி) வைக்கிறோம் என்பது அவ்வளவாகக் குறைவதில்லை. ஒவ்வோர் எட்டும் குறுகுவதால்தான் வேகம் குறைகிறது. இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில், மெதுவாக, ஏறக்குறைய இரு கால்களிலும் ஒரே அளவில் வருபவை.

இதில் அடங்காத எதையும் வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாதிருப்பது, பாதத்தைத் தேய்த்து நடப்பது, திரும்புவதற்குப் பல சின்ன எட்டுகள் வைப்பது ஆகியவை பார்க்கின்சன் என்னும் நரம்பு நோயின் தொடக்கமாக இருக்கலாம். பாதத்தைத் தூக்கவே சிரமப்படுபவருக்கு மறதியும், சிறுநீரை அடக்க முடியாத நிலையும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கு நடை சீராகும் நோய் அது. ஒரே நாளில் ஒரு பக்கம் கால் இழுத்தால் காத்திருக்கக் கூடாது. பக்கவாதமாக இருக்கலாம், உடனே மலேசிய அவசர எண்ணான 999ஐ அழைக்க வேண்டும்.

நாம் அதிகம் தவறவிடுவது நீரிழிவைத்தான். மலேசிய இந்தியர்களிடையே அது மிகப் பரவலானது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குத் தரை சரியாக உணர்வில் படாது; குனிந்து தரையைப் பார்த்தே நடப்பார், இருட்டில் தடுமாறுவார். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே தடுமாற்றம் வரலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் குறைபாட்டை “வயசாயிடுச்சு” என்ற சொல்லுக்குள் புதைத்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்பாவையும் அம்மாவையும் ஒரே அளவுகோலால் அளப்பதும் தவறு. பெண்களின் எட்டு இயல்பாகவே குறுகியது, எண்ணிக்கையில் அதிகமானது. அதற்கு உயரமும் ஒரு காரணம். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்வதால் முதுகு வளைந்து, உடலின் பாரம் முன்னுக்குச் சாயலாம். மூட்டுத் தேய்மானமும் பெண்களுக்கே அதிகம். ஆனால் எலும்புத் தேய்மானம் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி, அப்பாவைப் பரிசோதனைக்கே அழைத்துப் போவதில்லை. இடுப்பெலும்பு முறிந்தால் அடுத்த ஓராண்டில் இறக்கும் அபாயம் ஆண்களுக்குத்தான் கூடுதல்.

கண்ணால் மதிப்பிடுவதை விட, அளந்து பார்க்கலாம். சமதளத்தில் 6 மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே புறப்படட்டும். 6 வினாடிக்கு மேல் ஆனால், அதாவது வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால், தசை இழப்பு பற்றிய 2019ஆம் ஆண்டின் ஆசிய வழிகாட்டுதல் அதைக் குறைவு என்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நாற்காலியோடு கட்டிப்போடுவது பாசத்தால் செய்யும் தவறு. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிய மனிதரை, ஒருமுறை சறுக்கியதற்காக வாசலோடு நிறுத்திவிடுகிறோம். உட்கார உட்காரத் தொடைத் தசை கரையும். விழும் வாய்ப்பு கூடும். அதற்காக நடைப்பயிற்சி மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். விழாமல் காப்பது சமநிலைப் பயிற்சியும் காலுக்கு வலுவூட்டும் பயிற்சியும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். பினாங்குப் பூங்காக்களில் சீனர்கள் காலையில் செய்யும் தாய்ச்சி என்ற மெதுவான உடற்பயிற்சி, விழுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்மவர்களும் அந்த வரிசையில் போய் நிற்கலாம்.

ஜார்ஜ்டவுன் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், பக்கத்திலேயே சாக்கடை. அங்கே பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடத்தக் கூடாது. பேசினால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே ஓர் ஆய்வு காட்டியது. கையைப் பிடித்து முன்னால் இழுக்கவும் வேண்டாம்; உங்கள் கையை நீட்டுங்கள், அவர் பற்றிக்கொள்ளட்டும். தளர்ந்த சிலிப்பருக்குப் பதில் குதிகாலைப் பிடிக்கும் செருப்பு வேண்டும்.

கைத்தடியை வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பவர்கள் ஏராளம். எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது அதன் கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.