பாடத்திட்டத்தை மாற்றப் போகிறீர்களா? முதலில் கிரெடிட்டை எண்ணுங்கள்

பழைய திட்டத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை போடுங்கள். மலேசியாவின் தகுதி அங்கீகார முகமையான எம்.கியூ.ஏ. அங்கீகரித்த பதிப்புதான் இங்கே ‘பழையது’. போன ஆண்டு நடத்தியதைப் பழையது என்று எடுத்தால் பின்னால் எல்லாக் கணக்கும் பிசகும்.

நூல் பட்டியல், வாரத் தலைப்புகளின் வரிசை போன்றவை துறைக் கூட்டத்திலேயே முடியும். கூட்டக் குறிப்பில் பதிவானால் போதும். மதிப்பெண் விகிதம், முன்நிபந்தனைப் பாடம், புதிய விருப்பப் பாடம் ஆகியவை ஃபேக்கல்டி வாரியத்துக்கும், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விக் குழுவான செனட்டுக்கும் போகும். பட்டத்தின் பெயர், படிப்புக் காலம், நேரடியா தொலைநிலையா என்பதைத் தொட்டால், திருத்தம் ஒரே வரியானாலும் பெரிய மாற்றம்தான்.

உள்ளடக்கத்தில் சிறிய மாற்றத்தையும் பெரிய மாற்றத்தையும் பிரிக்க எல்லாரும் பார்க்கும் கோடு 30 விழுக்காடு. 120 கிரெடிட் இளங்கலையில் அது 36 கிரெடிட், அதாவது 3 கிரெடிட் பாடங்கள் 12. எம்.பி.யூ. எனப்படும் கட்டாயப் பொதுப்பாடங்களையும் விருப்பப் பாடங்களையும் கழித்து எண்ணச் சொன்னால் கோடும் இறங்கும்: 90 கிரெடிட்டுக்கு 27தான். எதை வைத்து வகுப்பது என்று தர உறுதிப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு 5 பாடம், அடுத்த ஆண்டு 7 பாடம் என்று பிரித்து அனுப்பிச் சிறிய மாற்றமாகக் காட்டாதீர்கள். 12.5 விழுக்காடும் 17.5 விழுக்காடும் சேர்ந்தால் 30. தணிக்கையில் அங்கீகரித்த திட்டம் ஒன்றாகவும் நடக்கும் திட்டம் வேறாகவும் நின்றால், மாட்டிக்கொள்வது மாணவரின் பட்டம்.

முன்மொழிவுத் தாள் திருத்தத்துக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் கற்றல் நேர அட்டவணையால்தான். 1 கிரெடிட்டுக்கு மாணவர் கற்கும் நேரம் மொத்தம் 40 மணி. 3 கிரெடிட்டுக்கு 120. இறுதித் தேர்வை எடுத்துவிட்டுத் திட்டப்பணி வைப்பவர்கள், தேர்வுக்கும் அதற்குப் படிப்பதற்கும் ஒதுக்கிய நேரத்தை நீக்க மறந்துவிடுகிறார்கள். கூட்டுத்தொகை 120-ஐத் தாண்டிவிடும். பாட விளைவையும், அதாவது பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்று எழுதியதையும், அப்போதே பாருங்கள். ‘வடிவமைப்பார்’ என்று எழுதிவிட்டுச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள் மட்டும் வைத்தால் மதிப்பீட்டுக் குழு ஏற்காது.

செனட்டுக்குப் பிறகு பாதை பிரிகிறது. மலாயாப் பல்கலைக்கழகம், யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போன்ற சுய அங்கீகாரத் தகுதி பெற்றவை பெரும்பாலானதை உள்ளேயே மதிப்பிடும். தனியார் கல்லூரி பெரிய மாற்றத்தோடு எம்.கியூ.ஏ.வுக்குப் போக வேண்டும். பட்டத்தின் பெயர் மாறினால் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கான 555-ஆம் சட்டப்படி உயர்கல்வி அமைச்சிடமும் போக வேண்டும். பொறியியல் போன்ற துறைகளில் தொழில்முறை வாரியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இடத்தோடு கட்டப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது: கோலாலம்பூர் வளாகத்துக்குக் கிடைத்ததைக் காட்டிப் பினாங்குக் கிளையில் வகுப்பு தொடங்க முடியாது.

ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை விளம்பரம் வேண்டாம். புதிய திட்டத்தைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு வையுங்கள். ஏற்கெனவே படிப்பவர்கள் பழையதிலேயே முடிக்கட்டும். நீக்கிய பாடத்தில் தோற்றவர் எதை எழுதி ஈடுகட்டுவார் என்ற இணைப்பாட அட்டவணையையும் செனட் தாளோடு சேர்த்தே அனுப்புங்கள்.