ஸ்கூபா கேஜின் கண்ணாடிக்குள் மங்கல் படிவது ஏன்? தொடக்கநிலையினருக்கான சோதனை முறை

கொல்லங்கோடு முதல் விழிஞ்ஞம் வரை தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இருபுறமும் சிப்பி குளிப்பவர்கள் மூச்சடக்கியே இறங்கிப் பழகியவர்கள். கோவளத்தில் ஸ்கூபா கற்கப் போகும் நம் பிள்ளைகளுக்கோ, சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதைக் காட்டுவது ஹோஸின் (காற்றுக்குழாயின்) முனையில் தொங்கும் அழுத்தமானி, அதாவது கேஜ்தான். அதன் கண்ணாடி உட்புறம் மங்கினால், ஈரம் எந்த வழியாக நுழைந்தது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கேஜின் கூட்டுக்குள் வளைந்த செம்புக் கலப்புக் குழாய் ஒன்று இருக்கிறது. யூஜின் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. காற்றின் அழுத்தம் ஏற ஏறக் குழாய் நிமிர முயல்கிறது, முள் நகர்கிறது. குழாயைச் சுற்றியுள்ள இடத்தில் கரையில் இருக்கும் காற்றழுத்தமே (அழுத்த அலகான பாரில் ஏறத்தாழ 1) அடைபட்டிருக்க, கடலில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் வீதம் கூடுவதால், 20 மீட்டர் ஆழத்தில் வெளியழுத்தம் உள்ளே இருப்பதைப் போல் மூன்று மடங்காகி, நீர் புகாமல் காக்கும் அடைப்பான சீலில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நீரை உள்ளே தள்ளிவிடும்.

முதல் படி, பார்ப்பது. வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியின் மேல் கீறல் மட்டும் என்றால் பெரிய கவலையில்லை. நீரில் இறங்கியதும் மெல்லிய பனிப்பு தோன்றிக் கரையில் மறைந்தால், அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்திருக்கிறது. படகில் வெயிலில் கிடந்து சூடான கேஜில் இது எளிதில் நேரும். நீர்த்துளி, பூத்த உப்பு, பச்சைக் களிம்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கடல்நீர் புகுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அந்தக் கேஜுடன் இறங்கக் கூடாது.

இரண்டாவது படி, முள்ளைச் சோதிப்பது. சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரை, கேஜும் அதனுடன் இணைந்திருக்க, சிலிண்டரில் பொருத்துவதற்கு முன் முள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். நான் வாடகைக்கு எடுத்த ஒரு கேஜில், எண்களுக்குக் கீழே நெல்மணி அளவில் ஒரு துளி உருண்டுகொண்டிருந்தது. காற்றே இல்லாதபோதும் முள் 20 பாரில் நின்றது. 50 பார் மிச்சத்தோடு மேலேற வேண்டிய ஒருவரை அந்த 20 எங்கே கொண்டுபோய் விடும் என்று எண்ணி, அன்று நான் இறங்கவில்லை.

மூன்றாவது படி, கசிவைத் தேடுவது. கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் அப்பால் திருப்பி, வால்வை மெல்லத் திறந்து, கேஜை வாளி நீரில் அமிழ்த்துங்கள். ஹோஸ் சேரும் இடத்தில் குமிழி வந்தால் அங்குள்ள சிறு ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றுவது எளிது. கூட்டின் விளிம்பிலோ பின்புற அடைப்பிலோ குமிழி வந்தால் உள்குழாயே கசிகிறது. உடனே வால்வை மூடிவிடுங்கள். குமிழியே இல்லாமல் உள்ளே நீர் மட்டும் இருந்தால், பெரும்பாலும் கண்ணாடியைச் சுற்றிய சீல்தான் காரணம்.

கண்ணாடியில் தெரியாத வழி ஒன்றும் உண்டு. சிலிண்டரிலிருந்து கழற்றிய ரெகுலேட்டரை மூடி போடாமல் வாளியில் முக்கினால், சிலிண்டரோடு பொருந்தும் பகுதியான முதல் நிலை வழியாக நீர் ஹோஸுக்குள் இறங்கி, பூர்டோன் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே மூடியின் ஈரத்தைத் துடைத்து, இறுகப் பொருத்திய பிறகே கழுவுங்கள். வாயில் கவ்வும் பகுதியில் உள்ள, காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அப்போது அழுத்தாதீர்கள்.

கூட்டை வீட்டில் திறக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்து உலர்த்தினாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். பழுது பார்த்துத் திரும்பிய கேஜை, முள் பூஜ்ஜியத்துக்கு வருகிறதா என்று பார்த்து, நன்றாக வேலை செய்யும் இன்னொரு கேஜை அதே சிலிண்டரில் பொருத்தி, இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.