ஏஜென்ட் மூலம் பாயான் லெப்பாஸில் வேலையா? சம்பளச் சீட்டை இப்படிப் பாருங்கள்

1972-இல் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் கடை விரித்ததிலிருந்து மலேசியாவின் பினாங்கில் பணத்துக்குக் குறைவில்லை, இப்போது ஏஐ சிப் வேறு. ஆனால் ஒரே லைனில் ஒரே ஷிஃப்டில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவரைக் கம்பெனியே எடுத்திருக்கும், மற்றவர் ஏஜென்ட் ஆள், போனஸ் என்று வரும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். அதை நாம் ஒரு நாளில் மாற்ற முடியாது. சட்டப்படி வரவேண்டியதையாவது விடாதீர்கள்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அலவன்ஸைச் சேர்த்துக் கணக்குக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பேசிக் மட்டுமே அவ்வளவு இருக்க வேண்டும்.

அப்புறம் ஓ.டி. பெரும்பாலும் இதில்தான் கை வைப்பார்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, வந்ததை 8-ஆல் வகுங்கள். 1,700-க்கு மணிக்கு 8.17 வெள்ளி வரும். சாதாரண நாள் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. ஓய்வு நாள் ஓ.டி. என்றால் இரண்டு மடங்கு, பொது விடுமுறை என்றால் மூன்று. 2023-இலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் ஓ.டி.தான். புரொடக்‌ஷன் உள்ளே ஃபோனை விடமாட்டார்கள் என்றால், ஃபேக்டரி பஸ்ஸில் ஏறியதும் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் குறித்துவிடுங்கள், மாதக் கடைசியில் யோசித்தால் நினைவு வராது.

சீட்டில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்ததாக இருந்தால் கட்டிவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். 1,700 வெள்ளிக்கு உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இபிஎஃப்பின் கேடபிள்யூஎஸ்பி ஆப்பில் பார்த்தால் தெரிந்துவிடும்.

"கமிஷன்" என்று ஏதாவது கழித்திருக்கிறதா? பெரிய பிராண்டுகளுக்குச் செய்துகொடுக்கும் ஃபேக்டரிகள் பல ஆர்பிஏ என்ற தொழில்துறைக் கூட்டமைப்பின் நடத்தை விதிகளை ஏற்றவை. வேலைக்காகத் தொழிலாளி பணம் கட்டக்கூடாது என்பது அதில் உண்டு, ஏஜென்டுக்கும் அது பொருந்தும். ஏஜென்டோடு மல்லுக்கட்டாமல் நேரே ஃபேக்டரி எச்ஆருக்கு எழுத்தில் கொடுங்கள், ஆடிட் என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்.

பக்கத்தில் நிற்கிற நேப்பாளி, வங்காளதேச நண்பர்களுக்கும் சொல்லுங்கள்: 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அவர்களுடைய பாஸ்போர்ட்டை ஏஜென்ட் பிடித்து வைத்திருப்பது குற்றம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் இபிஎஃப் உண்டு, இரு தரப்பும் 2 விழுக்காடு.

கணக்கு ஒத்துவராவிட்டால் முதலில் ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம், பதில் கையில் இருக்க வேண்டும். சரிவரவில்லையா, சீட்டு, ஒப்பந்தம், நேரக்குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு லேபர் ஆபீஸுக்குப் போங்கள், வக்கீல் தேவையில்லை. இடையில் "நானாக விலகுகிறேன்" என்று ஒரு கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.