குடும்பமாகப் பாடும் ஊழியத்தைத் தொடங்குவோருக்கு

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் குடும்பமாகப் பாட விரும்புவோர், மேடையைத் தேடுவதற்கு முன் சுருதியை, அதாவது எத்தனை கட்டை உயரத்தில் பாடுவது என்பதை, முடிவு செய்ய வேண்டும். அப்பா 1 கட்டையிலும் மகள் 5½ கட்டையிலும் இயல்பாகப் பாடுபவர்களாக இருந்தால், நடுவே 3 கட்டையில் நிறுத்துவது இருவர் தொண்டையையும் வருத்தும். ஆகவே மகளின் சுருதியிலேயே பாட்டை வைத்து, அப்பா கீழ்ச்சுரங்களில் துணைக்குரல் கொடுப்பதே நல்லது. இதை உணர எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஆயிற்று.

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து அழைப்பு வந்தால், மலையாளப் பாடல்கள் இரண்டேனும் கைவசம் வேண்டும். வரிகளைத் தமிழில் எழுதும்போது, க, த, ப போன்ற வல்லின எழுத்துகள் சொல்லின் முதலிலேயே மெலிந்து (ga, da, ba என) ஒலிக்கும் இடங்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ‘இயேசு’ என்று பழகிய நாக்கு அங்கே ‘யேஷு’ என்று சொல்ல வேண்டும். அவ்வூர் அம்மச்சி ஒருவரிடம் பாடிக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவில் அனுமதி முக்கியம். இந்தியச் சட்டப்படி, பாடலை இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்பதால், 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பதிவு செய்யலாம். இன்றைய பாடகர்களின் பாடல்களுக்கு எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

காணிக்கையையும் வேன் வாடகையையும் ஒரே நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இருக்கும் மார்ச் மாதத்தில், எவ்வளவு நெருங்கியவர் அழைத்தாலும் கன்வென்ஷன் கூட்டங்களில் பாட ஒப்புக்கொள்ளாதீர்கள்.