செட்டிநாட்டை ஒரே பகலில் சுற்றிக்காட்ட

காரைக்குடியிலிருந்து காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். முதலில் பிள்ளையார்பட்டி. குன்றைக் குடைந்து செதுக்கிய கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள், வலம்புரித் தும்பிக்கை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது ஆத்தங்குடி, தரையில் பதிக்கும் பூவேலைக் கற்களைக் கையால் செய்யும் ஊர். விருந்தினரோடு நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, சாந்து அப்பிச் சமன் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது, கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. பட்டறையில் அவசரப்படுத்துகிற ஆளை நான் அழைத்துப்போவதில்லை.

கானாடுகாத்தானில் பார்க்க வேண்டியவை செட்டியார்களின் பெரிய வீடுகள், ஆனால் எல்லா வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். திறந்திருந்தால் காவல்காரரிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். முகப்பில் நின்று நேரே பார்த்தால், வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டி மறுதெருக் கதவு வரை பார்வை ஓடும். பர்மா தேக்குத் தூணை நிமிர்ந்து பார்ப்பவர்கள் சுவரையும் தடவிப் பார்க்க வேண்டும்: அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு.

திருமயம் கோட்டை, 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. வெயில் தாழ்ந்த பிறகு ஏறுங்கள், ஆனால் மூடும் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.