கால்வாயைச் சுற்றி ஆலைக்கு: கட்டங்களில் மிகக் குறுகிய வழியைக் காணும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, கண்ணெதிரே தெரிகிற இடத்துக்கும் நேராகப் போக முடியாது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைகளுக்கு நடுவே கால்வாய் ஓடும். பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் தாண்ட வேண்டும். நிரலாக்கப் போட்டிகளில் அடிக்கடி வரும் கட்டப் புதிரும் இதே சிக்கல்தான். நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் எடுத்து, மாறி, சுழற்சி, பட்டியல் ஆகியவற்றை மட்டும் அறிந்த ஒருவர் அதை எப்படித் தீர்க்கலாம் என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: படத்தை வாசித்தல்

```
லோ .  #  .  ஆ
.  .  #  .  .
#  .  #  .  #
.  .  .  .  .
```

‘லோ’ என்பது பழக்குலை ஏற்றிய லோரி; ‘ஆ’ என்பது ஆலை; ‘#’ கால்வாய்; புள்ளி, லோரி போகக்கூடிய பாதை. மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளில் ஒவ்வொரு கட்டமாக நகரலாம். குறுக்காக நகர முடியாது. ஆலையை அடைய மிகக் குறைந்தது எத்தனை நகர்வுகள் வேண்டும் என்பதே கேள்வி. நிரைகளையும் (இடமிருந்து வலம்) நிரல்களையும் (மேலிருந்து கீழ்) 0 முதல் எண்ணினால் லோரி (0, 0) கட்டத்திலும் ஆலை (0, 4) கட்டத்திலும் இருக்கின்றன.

படி 2: கட்டங்களைக் கிராஃபாகப் பார்த்தல்

கிராஃப் என்பது முனைகளும் அவற்றைச் சேர்க்கும் இணைப்புகளும் கொண்டது. இங்கே ஒவ்வொரு திறந்த கட்டமும் ஒரு முனை. அடுத்தடுத்த இரண்டு திறந்த கட்டங்களுக்கு இடையே ஓர் இணைப்பு. இந்த இணைப்புகளைத் தனியாக எழுதிச் சேமிக்கத் தேவையில்லை, ஏனெனில் ஒரு கட்டத்தின் நிரை எண்ணிலோ நிரல் எண்ணிலோ ஒன்றைக் கூட்டியும் கழித்தும் அதன் அண்டைக் கட்டங்களை வேண்டியபோது கண்டுகொள்ளலாம்.

பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரை எண் −1 ஆகும்போது பைத்தான் பிழை காட்டாது. பட்டியலின் கடைசி நிரையைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். மேல் ஓரத்தில் நிற்கும் லோரி ஒரே தாவலில் கீழ் ஓரத்துக்குப் போய்விடும். விடையோ நம்பும்படியாகவே இருக்கும். ஆகவே எல்லைச் சோதனை முதலில், கால்வாய்ச் சோதனை அதற்குப் பிறகு.

படி 3: அகலமுதல் தேடல்

பிஎஃப்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த முறையை, புதிர்வழியில் மிகக் குறுகிய பாதையைக் காண்பதற்காக எட்வர்ட் மூர் 1959-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் ஊற்றிய தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: 1 நகர்வில் எட்டும் கட்டங்கள் எல்லாம் நனைந்த பிறகே 2 நகர்வில் எட்டும் கட்டங்கள் நனையும். ஒரு கட்டம் முதன்முதலாக நனையும் நேரமே அதன் மிகக் குறைந்த தூரம்.

```
வரிசை = [தொடக்கம்]
தூரம்[தொடக்கம்] = 0
வரிசையில் ஏதேனும் இருக்கும் வரை:
    இங்கே = வரிசையின் முன்பக்கத்திலிருந்து எடு
    இங்கே ஆலை எனில்: தூரம்[இங்கே] விடை, நிறுத்து
    நான்கு திசைகளில் ஒவ்வொன்றுக்கும்:
        அங்கே = இங்கே + திசை
        அங்கே படத்துக்கு வெளியே எனில்: விடு
        அங்கே கால்வாய் எனில்: விடு
        அங்கே ஏற்கெனவே தூரம் பெற்றது எனில்: விடு
        தூரம்[அங்கே] = தூரம்[இங்கே] + 1
        வந்தவழி[அங்கே] = இங்கே
        அங்கேயை வரிசையின் பின்பக்கம் சேர்
விடை = −1   (ஆலைக்கு வழியே இல்லை)
```

இதைக் கணினியில் ஓட்டுவதற்கு முன் தாளில் ஓட்டிப் பாருங்கள். (0, 1), (1, 0) இரண்டும் தூரம் 1 பெறும். (1, 1) தூரம் 2. பிறகு (2, 1) 3, (3, 1) 4. கீழே பாலமாக இருக்கும் (3, 2) கட்டம் 5 பெற்ற பிறகே தேடல் கால்வாயின் மறுபக்கம் போகும். (3, 3), (2, 3), (1, 3) வழியாக ஏறி ஆலை 10 பெறும். பாதையே வேண்டுமென்றால், ஆலையிலிருந்து ‘வந்தவழி’யைப் பின்னோக்கிப் படித்து, கிடைத்ததைத் திருப்பிப் போட்டால் போதும்.

தூரத்தை எழுதும் வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: கட்டம் வரிசையில் சேரும்போதே அதற்குத் தூரம் எழுதப்படுகிறது, வெளியே எடுக்கும்போது அல்ல. (1, 1) கட்டத்துக்கு (0, 1) வழியாகவும் வரலாம், (1, 0) வழியாகவும் வரலாம். குறிப்பதைத் தள்ளிப் போட்டால் அது வரிசையில் இரண்டு முறை நுழையும்; பெரிய படத்தில் இந்த வீண்வேலை குவிந்துவிடும். பைத்தானில் வரிசைக்குச் சாதாரணப் பட்டியலைவிட, இரு முனைகளிலும் விரைவாகச் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற ‘டெக்’ (deque) நல்லது, ஏனெனில் பட்டியலின் முன்பக்கத்தில் ஒன்றை எடுத்தால் மீதி அனைத்தும் ஓரிடம் நகர வேண்டியிருக்கும். 1000 × 1000 படமானாலும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை எடுத்து நான்கு பக்கம் பார்ப்பதால், மொத்தச் சோதனைகள் 40 லட்சத்தைத் தாண்டா.

ஒரே வழியில் போக முடிந்தவரை போய், முட்டினால் திரும்பி வேறு வழி பார்க்கும் ஆழமுதல் தேடலும் வழி உண்டா இல்லையா என்று சொல்லும். அது முதலில் காணும் வழி குறுகியதாக இருக்கும் என்ற உறுதி இல்லை. தன்னையே அழைக்கும் சார்பாக எழுதினால், பைத்தானின் இயல்பான 1000 அழைப்பு வரம்பு 40 × 40 படத்திலேயே முட்டக்கூடும்.

படி 4: ஒரு பலகை கிடைத்தால்

கடினமான புதிர்கள் இங்கேதான் தொடங்குகின்றன. லோரியிடம் ஒரு பலகை இருக்கிறது, ஒரே ஒரு கால்வாய்க் கட்டத்தை அதை வைத்துத் தாண்டலாம் என்று வைத்துக்கொள்வோம். நம் படத்தில் (0, 2) கட்டத்தைத் தாண்டினால் விடை 10-லிருந்து 4 ஆகிவிடும்.

தேடலை மாற்ற வேண்டாம். முனை என்றால் என்ன என்பதை மாற்றினால் போதும். இனி முனை என்பது (நிரை, நிரல், மிச்சப் பலகை) என்ற மூன்றும் சேர்ந்தது. ஒரே கட்டத்துக்குப் பலகையைச் செலவழித்துச் சீக்கிரம் வந்த லோரியும், செலவழிக்காமல் தாமதமாக வந்த லோரியும் ஒன்றல்ல. முன்னால் இன்னொரு கால்வாய் குறுக்கிட்டால் பின்னவர் மட்டுமே தாண்ட முடியும். இருவருக்கும் தனித்தனித் தூரம் தேவை. முனைகள் அதிகபட்சம் 20 × 2 = 40 ஆகின்றன, அவ்வளவுதான். என் கருத்தில், இந்தப் புதிர்களின் பாதி வேலை முனையைச் சரியாக வரையறுப்பதில் முடிந்துவிடுகிறது.

படி 5: சேற்றுப் பாதை

செம்மண் பாதைக்கு 1, சேற்றுக்கு 3 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு செலவு வந்தால் சாதாரண வரிசை உதவாது. அப்போது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறையைக் கையாள வேண்டும்: வரிசையில் முன்னால் நிற்பதை எடுக்காமல், செலவு மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும், அதற்குப் பைத்தானில், மிகச் சிறியதை முதலில் எடுத்துத் தரும் ‘ஹீப்கியூ’ (heapq) இருக்கிறது. இங்கே குறிக்கும் நேரமும் தலைகீழாகிறது: சேர்க்கும்போது எழுதிய செலவு பிறகு குறையலாம் என்பதால், வெளியே எடுக்கும்போதுதான் அது இறுதியாகும். செலவுகள் எதிர்மறையாக இருந்தால் இந்த முறை செல்லாது.

இன்னொரு பயிற்சி. செம்பனைகள் உண்மையில் சதுரக் கட்டங்களில் நடப்படுவதில்லை. பெரும்பாலும் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் சமபக்க முக்கோணமாக நடப்படுகின்றன. ஆகவே நடுவில் நிற்கும் ஒரு மரத்துக்கு அண்டை மரங்கள் ஆறு. அடுத்தடுத்த நிரைகள் அரை இடைவெளி தள்ளி நிற்பதால், படி 3-இல் உள்ள தேடலில் திசைப் பட்டியலை மட்டும் மாற்றி, இரட்டை எண் நிரைக்கு ஒரு பட்டியலும் ஒற்றை எண் நிரைக்கு இன்னொரு பட்டியலும் எழுதி ஓட்டிப் பாருங்கள்.