பிளம்பர் பில் தகராறு: குழாயில் இருந்த அச்சு தீர்த்து வைத்தது

குளியலறைக் கசிவைச் சரிசெய்த காண்ட்ராக்டரின் பில், வாயால் பேசிய தொகையைப் போல இரண்டு மடங்கு வந்தது. காரணம்? "கூடுதல் வேலை" என்று ஒரே வரி. போனில் வாதாடி மூன்று நாள் வீண். இன்னொரு பிளம்பரைக் கேட்டால், சுவரை மூடிய பிறகு என்ன சொல்வது என்று கைவிரித்தார். மொத்தப் பணத்தையும் நிறுத்திப் பார்த்தேன். காண்ட்ராக்டர் இன்னும் முறுக்கிக்கொண்டார்.

அப்புறம் பொருள், கூலி தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன். 1 இன்ச் சிபிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) குழாய், 9 எல்போ (குழாய் திரும்பும் இடத்தில் பசை போட்டு ஒட்டும் வளைவுத் துண்டு) என்றிருந்தது. வேலை நடந்தபோது சும்மா எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினேன். குழாயின் மேலேயே அளவு அச்சாகியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. முக்கால் இன்ச்! பசை புதிதாக வழிந்த எல்போக்களும் நான்குதான். தகராறு இல்லாத தொகையை முதலில் கட்டிவிட்டு, போட்டோவை அனுப்பினேன். மறுநாள் திருத்திய பில் வந்தது. அப்பாடா.